துறந்த அலுவல்களும் வகுத்த நேரங்களும்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வாழ்விலிருந்து ஒரு பாடம்

'நேரமில்லை' என்னும் சொல்லைப் போல் இன்று எல்லோர் நாவிலும் புழங்கும் சொல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. வணிகர் சொல்கிறார், அலுவலர் சொல்கிறார், வீட்டை ஆளும் பெண்மணி சொல்கிறார். மார்க்கக் கல்வி போதிக்கும் நாமும் கூசாமல் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் பாடநூலின் ஓரிடத்தில் எழுந்த ஐயத்தைத் தெளிந்துகொள்ள நம்மிடம் வந்தார். அன்று ஒரு கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். 'நாளை வாருங்கள்' என்றோம். மறுநாள் ஒரு மலருக்குக் கட்டுரை முடிக்க வேண்டியிருந்தது; மீண்டும் 'நாளை' என்றோம். மூன்றாம் முறையும் அவ்வாறே ஆயிற்று. அதன்பின் அவர் வரவில்லை. அவ்வாண்டு பட்டம் பெற்று ஊர் திரும்பிவிட்டார். அவர் கேட்க வந்தது என்ன என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் நாம் என்ன பேசினோம் என்பதும் நினைவில் இல்லை.

இவ்வுறுத்தலோடு வரலாற்றைப் புரட்டும்போது நம் கண்முன் வந்து நிற்பவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூஹாமித் முஹம்மது அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன், தம் காலத்தின் மிக உயர்ந்த ஆசிரியப் பீடத்திலிருந்து அன்னார் இறங்கிச் சென்றது பலரும் அறிந்த செய்தி. எனினும், அவர் எவற்றை விட்டார், எவற்றை விடவில்லை, திரும்பி வந்தபின் தம் நாளை எவ்வாறு அமைத்துக்கொண்டார் என்னும் வினாக்களை நாம் போதிய அளவு எழுப்புவதில்லை. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிஜாமிய்யாவின் பீடம்

சல்ஜூக்கிய அரசின் புகழ்பெற்ற அமைச்சர் நிஜாமுல் முல்க், பாக்தாதில் நிறுவிய நிஜாமிய்யா மத்ரஸா ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1067) திறக்கப்பட்டது. ஷாஃபிஈ சட்டத்துறையைப் போதிக்கும் அப்பீடத்தில் அமர்வது அக்கால அறிஞர் ஒருவர் எட்டக்கூடிய உச்சமாகக் கருதப்பட்டது. ஹிஜ்ரி 484இல் (1091) இமாம் அவர்கள் அப்பதவியை ஏற்றபோது நாற்பது வயதைக்கூட எட்டவில்லை. தம்மிடம் முந்நூறு மாணவர்கள் பயின்றதாக அன்னாரே 'அல்முன்கிது மினள் ளலால்' என்னும் தம் வாழ்க்கை விளக்க நூலில் குறிப்பிடுகிறார்.

போதனை மட்டுமா? மார்க்கத் தீர்ப்புகள், விவாத அரங்குகள், அரசவைத் தொடர்புகள், நூலாக்கம் எனப் பணிகள் குவிந்தன. கலீஃபா முஸ்தழ்ஹிரின் விருப்பத்துக்கிணங்க பாத்தினிய்யாக் கொள்கையை மறுத்து நூலொன்று எழுதினார். மெய்யியலாரின் கோட்பாடுகளை ஆசிரியர் எவருடைய துணையுமின்றித் தாமே படித்தறிந்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தவை பாடங்களுக்கும் எழுத்துக்கும் இடையே திருடி எடுத்த நேரங்களே. இரண்டு ஆண்டுகளுக்குள் அக்கலையின் எல்லையைக் கண்டு, மேலும் ஓராண்டு அதனைச் சிந்தையில் அசைபோட்டதாக அன்னார் சொல்கிறார். 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' என்னும் பெருநூல் அவ்வுழைப்பின் கனி.

இதே காலத்தில் அவரைச் சூழ்ந்திருந்த உலகமும் ஆட்டங்கண்டது. ஹிஜ்ரி 485இல் (1092) நிஜாமுல் முல்க் கொலையுண்டார். சில வாரங்களில் சுல்தான் மலிக்ஷாவும் மறைந்தார். ஹிஜ்ரி 487இல் (1094) கலீஃபா முக்ததீ காலமானார். மூன்றாண்டுகளுக்குள் அதிகாரத்தின் தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்வதை இமாம் அவர்கள் அருகிலிருந்து கண்டார். ஆயினும் பீடம் அசையவில்லை, புகழும் குன்றவில்லை. வெளியார் கண்ணுக்கு அது வெற்றியின் உச்சம்.

நாவு கட்டுண்ட நாட்கள்

ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் (1095 ஜூலை) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் அன்னாரின் உள்ளத்தில் பெரும் போராட்டம் நடந்தது. தம் பணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். அவற்றுள் சிறந்தது போதனை. அதனை உற்றுநோக்கியபோது, மறுமைக்குப் பெரிதும் பயன்படாத கலைகளில் தாம் மூழ்கியிருப்பதைக் கண்டார். அதற்கும் மேலாக, போதிக்கத் தம்மைத் தூண்டுவது இறைவனின் திருப்தியன்று, பதவி நாட்டமும் புகழ் பரவுதலுமே என்று கண்டு திடுக்கிட்டார்.

ஈண்டு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீண் கேளிக்கையில் காலம் கழித்த ஒருவரின் கழிவிரக்கமல்ல இது. அவர் செய்தவை அனைத்தும் நற்செயல்களே. நற்செயல்களின் நெரிசலிலும் மனிதன் தன்னைத் தொலைக்க முடியும் என்பதே அவர் கண்டறிந்த உண்மை. தீய செயலில் ஈடுபட்டவனை உலகம் இடித்துரைக்கும். நற்செயல்களில் ஓய்வின்றி ஓடுபவனையோ உலகம் பாராட்டும். ஆகவே அவனுக்கு நோய் தெரிவதில்லை.

காலையில் புறப்பட முடிவுசெய்வார். மாலையில் ஆசைகளின் படை திரண்டு அம்முடிவைக் கலைத்துவிடும். இறுதியில் உடலே தீர்ப்பளித்தது. மாணவர்களின் மனம் நோகாதிருக்க ஒரு நாளேனும் பாடம் நடத்த முயன்றார். நாவு ஒரு சொல்லையும் உச்சரிக்க மறுத்தது. துயரம் முற்றி உணவும் நீரும் இறங்காமற்போயின. மருத்துவர்கள் கைவிரித்து, நோய் உள்ளத்தில் தோன்றி உடலில் பரவியது, உள்ளக் கவலை நீங்கினாலன்றி மருந்தில்லை என்றனர்.

அவ்வாண்டு துல்கஃதா மாதத்தில் (1095 நவம்பர்) அன்னார் பாக்தாதை விட்டு வெளியேறினார். மக்கா செல்வதாக வெளியில் சொல்லிவிட்டு, சிரியா செல்லும் எண்ணத்தை மனத்தில் மறைத்துக்கொண்டார். கலீஃபாவும் நண்பர்களும் அறிந்தால் தடுப்பார்கள் என்பதே காரணம். இராக்கின் அறிஞர்களோ, போதனைப் பீடத்தைவிட உயர்ந்த மார்க்கப் பணி வேறு எதற்காக இருக்க முடியும் என்று வியந்தனர், கண்டித்தனர்.

விட்டவையும் விடாதவையும்

தம் செல்வத்தை இமாம் அவர்கள் பகிர்ந்தளித்தார். ஆனால் அனைத்தையும் உதறிவிடவில்லை. தம் தேவைக்கும் பிள்ளைகளின் உணவுக்கும் போதுமான அளவை ஒதுக்கினார். இராக்கின் நிதி முஸ்லிம்களின் பொதுநலனுக்காக வக்ஃபு செய்யப்பட்டதாகையால், ஓர் அறிஞர் தம் குடும்பத்துக்காக எடுத்துக்கொள்ள அதனினும் தகுந்த பொருள் இல்லை என்று சட்ட நியாயமும் கூறுகிறார். நிஜாமிய்யாவின் வகுப்பைத் தற்காலிகமாக அவருடைய இளவல் அஹ்மத் கஸ்ஸாலி ஏற்று நடத்தினார். குடும்பத்தின் உரிமையையோ மாணவர்களின் உரிமையையோ நடுத்தெருவில் விட்டுச் செல்லும் துறவு அன்று அது.

திமஷ்க் நகரின் உமவிய்யாப் பள்ளியில் தங்கி, அதன் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார். பின்னர் பைத்துல் முகத்தஸ் சென்று குப்பத்துஸ் ஸக்ராவில் அவ்வாறே இருந்தார். அங்கிருந்து ஹெப்ரோன் சென்று நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தை அடைந்தார். அங்கே அன்னார் செய்துகொண்ட மூன்று உறுதிகளைப் பிற்காலத்தில் எழுதிய பாரசீக மடல் வழியாக அறிகிறோம்: ஆட்சியாளரின் பொருளைப் பெறுவதில்லை, ஆட்சியாளரின் அவைக்குச் செல்வதில்லை, விவாத அரங்கில் இறங்குவதில்லை.

இம்மூன்றையும் எண்ணிப் பாருங்கள். அவர் தம்மை விடுவித்துக்கொண்டது அறிவுப் பணியிலிருந்தன்று. தொழுகை, கற்றல், எழுதுதல், வழிகாட்டல் ஆகிய எதுவும் இப்பட்டியலில் இல்லை. அறிவுப் பணியைச் சுற்றி வளர்ந்து, அதன் சாற்றை உறிஞ்சிய மூன்று ஒட்டுண்ணிகளையே வெட்டினார். அவர் பெயரை வளர்த்த பணிகளும் இவையே. அவர் பொழுதை விழுங்கிய பணிகளும் இவையே. வேலைப்பளுவைக் குறைக்க விரும்புவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது: இப்பணியை வேறொருவர் பெயரில் செய்ய வேண்டுமென்றாலும் நாம் செய்வோமா?

ஹஜ்ஜை நிறைவேற்றிய அன்னாரை ஹிஜ்ரி 490இல் (1097) ஸ்பெயின் நாட்டு அறிஞர் அபூபக்ர் இப்னுல் அரபீ பாக்தாதில் சந்திக்கிறார். அப்போது இமாம் அவர்கள் தங்கியிருந்த இடம் நிஜாமிய்யாவுக்கு எதிரே இருந்த அபூ ஸஅத் ரிபாத். எந்த வாயிலில் முந்நூறு மாணவர்கள் காத்திருந்தார்களோ, அவ்வாயிலுக்கு எதிரே ஓர் எளிய விடுதியில் அமர்ந்திருந்தார், உள்ளே செல்லவில்லை. முதன்முதலில் பாக்தாதுக்கு வந்தபோது அவருடைய உடையும் ஊர்தியும் 500 தீனார் மதிப்புடையவை என்றும், துறவுக்குப்பின் அவர் உடையின் மதிப்பு 15 கீராத் என்றும் வரலாற்றாசிரியர் இப்னுல் ஜவ்ஸீ ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். பதினைந்து கீராத் ஒரு தீனாருக்கும் குறைவு.

குறுக்கீடு நிறைந்த தனிமை

அதன்பின் பிள்ளைகளின் அழைப்பு அவரைத் தாயகம் திருப்பியது. அங்கும் தனிமையையே நாடினார். ஆயினும் காலத்தின் நிகழ்வுகளும் குடும்பப் பொறுப்புகளும் வாழ்க்கைத் தேவைகளும் அத்தனிமையைக் கலைத்துக்கொண்டே இருந்தன. தூய ஓய்வு இடையிடையேதான் வாய்த்தது. இருந்தும் நம்பிக்கை இழக்காமல் மீண்டும் மீண்டும் அதற்குத் திரும்பியதாக அன்னார் மனந்திறந்து எழுதுகிறார். இல்லறத்தில் உழலும் நமக்கு இவ்வாக்குமூலம் பேராறுதல். கலையாத அமைதி கிடைத்தபின்தான் பொருளுள்ள வாழ்வு தொடங்கும் என்று காத்திருந்தால், இமாம் கஸ்ஸாலிக்கே அது தொடங்கியிராது.

'இஹ்யா உலூமித்தீன்' இக்காலத்தின் படைப்பு. நான்கு பகுதிகள், பகுதிக்குப் பத்தாக நாற்பது நூல்கள். முதற்பகுதியின் பத்தாம் நூல் நேரங்களை ஒழுங்குபடுத்துவது பற்றியது. அதன் சுருக்கம் போல் மாணவர்களுக்காக எழுதப்பட்டதே 'பிதாயத்துல் ஹிதாயா'. துயிலெழுவது முதல் மீண்டும் துயில்வது வரை ஒரு நாளை அது படிப்படியாக வகுத்துத் தருகிறது. பாக்தாதை விட்டு ஓட முடியாதவர்களுக்கும் பாக்தாதின் பரபரப்பிலிருந்து விடுதலை வேண்டுமே! இவ்விரு நூல்களும் அவர்களுக்காக எழுதப்பட்டவை என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஒரு நாளின் அமைப்பு

பகற்பொழுதை இமாம் அவர்கள் ஏழு விர்துகளாகப் பிரிக்கிறார். வைகறை முதல் சூரிய உதயம் வரை ஒன்று. உதயம் முதல் உச்சிப்பொழுது சாயும்வரை இரண்டு. அதிலிருந்து அஸர் வரை இரண்டு. அஸர் முதல் மஃரிப் வரை இரண்டு. விர்து என்றவுடன் ஓதல் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. அன்னார் அதனை ஒரு நேரத்துக்கு உரிய வேலை என்னும் விரிந்த பொருளில் கையாள்கிறார்.

கல்விப் பணியில் உள்ளவருக்கு அன்னார் தரும் அட்டவணை இது: வைகறையில் திக்ரு, உதயத்துக்குப்பின் முற்பகல் வரை போதனை, அல்லது மாணவர் இல்லையெனில் கடினமான சிக்கல்களைச் சிந்தித்தல், முற்பகல் முதல் அஸர் வரை எழுத்தும் வாசிப்பும், இடையே உணவு, தூய்மை, கடமையான தொழுகை, பகல் நீண்டிருந்தால் சிறு துயில், அஸருக்குப்பின் பிறர் படிக்கத் தாம் செவிமடுத்தல், பொழுது சாயும் வேளையில் மீண்டும் திக்ரும் பாவமன்னிப்புத் தேடலும்.

இவ்வரிசைக்கு அன்னார் கூறும் காரணம் வியப்புக்குரியது. முதல் நேரத்தில் நாவு உழைக்கிறது; இரண்டாவதில் உள்ளம்; மூன்றாவதில் கண்ணும் கையும்; நான்காவதில் செவி உழைக்க, கண்ணும் கையும் இளைப்பாறுகின்றன. அஸருக்குப்பின் படிப்பதும் எழுதுவதும் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்றும் எச்சரிக்கிறார். இயந்திரம் போல் இடையறாது ஓடும் அட்டவணையன்று இது. ஓர் உறுப்பு களைக்குமுன் மற்றோர் உறுப்பிடம் வேலையை ஒப்படைக்கும் கருணை இதில் இருக்கிறது. இரவை மூன்றாகப் பகுத்து அறிவுக்கும் தொழுகைக்கும் உறக்கத்துக்கும் அளித்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வழக்கத்தை எடுத்துக்காட்டும்போதும், குளிர்கால நெடிய இரவில் அது இயலும், கோடையில் உடல் தாங்காமற்போகலாம் என்று நடைமுறையைச் சொல்கிறார்.

'பிதாயத்துல் ஹிதாயா'விலும் இதே நிதானத்தைக் காண்கிறோம். இருபத்துநான்கு மணியில் உறக்கம் எட்டு மணியைத் தாண்ட வேண்டாம் என்கிறார். அறுபதாண்டு வாழ்பவன் அவ்வகையில் இருபதாண்டைச் செலவிடுகிறான் என்று கணக்கிட்டும் காட்டுகிறார். நேரங்களை வகுக்காமல், வந்ததை வந்தபடி செய்வதை வன்மையாகத் தடுக்கிறார். நம் பரபரப்பின் வேர் இதுவே. வேலை மிகுந்ததால் மட்டும் நமக்கு நேரமில்லாமற்போகவில்லை. எந்த வேலையும் எந்த நேரத்திலும் உள்ளே நுழையக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். அன்று தூதுவனும் விருந்தினரும் நுழைந்தனர். இன்று சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசி நுழைகிறது.

ஆளுக்கேற்ற அளவு

எல்லோருக்கும் ஒரே அட்டவணையை இமாம் அவர்கள் விதிக்கவில்லை. வணக்கசாலி, அறிஞர், மாணவர், தொழில் செய்பவர், ஆட்சிப் பொறுப்பாளர், இறை நினைவில் முற்றும் ஆழ்ந்தவர் என ஆறு வகையினரைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு முறை சொல்கிறார்.

குடும்பத்துக்காக உழைக்கும் தொழிலாளி, குடும்பத்தைத் தவிக்கவிட்டு உபரி வணக்கத்தில் நேரம் முழுவதையும் செலவிட அனுமதியில்லை. தொழில் நேரத்தில் கடைவீதிக்குச் செல்வதே அவருடைய விர்து. ஆனால் கை உழைக்கும்போது உள்ளம் இறைவனை மறக்கலாகாது. மக்கள் பொறுப்பைச் சுமப்பவர் பகலில் கடமையான தொழுகைகளோடு நிறுத்திக்கொண்டு மக்களின் தேவைகளைக் கவனிக்க வேண்டும். உபரி வணக்கத்தை இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பகலில் உறங்கினால் மக்களையும் இரவில் உறங்கினால் தம்மையும் இழப்பதாக அஞ்சிய கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நிலையை இங்கே நினைவூட்டுகிறார்.

எளிமை என்றால் எல்லோரும் வேலையைக் குறைப்பது என்று பொருளன்று என்பது இதனால் தெளிவாகிறது. ஒருவருக்குச் சுமை எனத் தோன்றுவது மற்றொருவருக்குக் கடமை. நம்மிடம் ஐயம் கேட்க வந்த அம்மாணவர் நம் பணிக்குக் குறுக்கீடாக வரவில்லை. அவரே நம் பணி. குறுக்கீடு எனப்பட வேண்டியது நாம் ஓடிய கூட்டம்.

ஒதுங்குவது தப்பித்தலா?

இமாம் அவர்களின் விலகலைக் குறைகூறியவர்களும் உண்டு. ஹிஜ்ரி 492இல் (1099) பைத்துல் முகத்தஸ் சிலுவைப் படையினரிடம் வீழ்ந்தது. அக்காலத்தில் வாழ்ந்த இப்பேரறிஞரின் நூல்களில் அதுபற்றிய அறைகூவலைக் காணோமே என்று எகிப்திய அறிஞர் ஸகீ முபாரக் 1924ஆம் ஆண்டு ஆய்வில் கேட்டார். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒதுங்கியிருப்பவரின் அமைதிக்குச் சமூகம் ஒரு விலை கொடுக்கத்தான் செய்கிறது.

இமாம் அவர்களும் தம்மை இதே கேள்வியால் வாட்டிக்கொண்டார் என்பதே அதற்குரிய மறுமொழியின் தொடக்கம். நோய் எங்கும் பரவியிருக்கையில் சோம்பலுக்காகவும் சுகத்துக்காகவும் மக்களின் தொல்லையிலிருந்து தப்பவும் தனிமையைப் பிடித்துக்கொண்டிருப்பது முறையா என்று 'முன்கித்'தில் தம்மை நோக்கிக் கேட்கிறார். பரபரப்பில் மட்டுமன்று, ஓய்விலும் மனத்தின் இச்சை ஒளிந்திருக்கலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே அமைச்சர் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலையடுத்து ஹிஜ்ரி 499 துல்கஃதாவில் (1106) நைஸாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் போதிக்கத் தொடங்கினார். பாக்தாதை விட்டதும் துல்கஃதா. இடையே பதினோர் ஆண்டுகள். வெளித்தோற்றத்தில் பழைய பணிக்கே திரும்பினாலும், முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைப் போதித்ததாகவும் இப்போது பதவியைத் துறக்கச்செய்யும் கல்வியைப் போதிப்பதாகவும் அவரே வேறுபடுத்திக் காட்டுகிறார். பணி அதுவே, ஊற்றுக்கண் வேறு.

தூஸில் கழிந்த இறுதி நாட்கள்

சில ஆண்டுகளுக்குப்பின் சொந்த ஊராகிய தூஸுக்குத் திரும்பினார். ஹிஜ்ரி 504இல் பாக்தாத் பீடத்துக்கு மீண்டும் அழைப்பு வந்தது, ஏற்கவில்லை. வீட்டருகே மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு கான்காவும் அமைத்தார்.

அவருடைய சமகாலத்தவரான நைஸாபூர் அறிஞர் அப்துல் காஃபிர் அல்ஃபாரிஸீ அந்நாட்களைப் பற்றி எழுதியுள்ளார். முன்பு செருக்குடன் விளங்கிய இம்மனிதரின் மாற்றம் பாசாங்கோ என்று தொடக்கத்தில் அவர் ஐயுற்றார். பலமுறை சென்று பார்த்தபின்னரே உண்மையென உணர்ந்தார். குர்ஆனை ஓதி முடித்தல், உள்ளத்தூய்மை உடையோருடன் அமர்தல், போதித்தல் எனத் தம் நேரங்களை இமாம் அவர்கள் பங்கிட்டிருந்ததாகவும், அவருடைய நொடிகளிலும் உடனிருந்தோரின் நொடிகளிலும் பயனற்றது எதுவும் இல்லை என்றும் அவர் சான்று பகர்கிறார். இறுதிக் காலத்தில் ஹதீஸ் கலையில் கவனம் செலுத்தி, புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் ஈடுபட்டார். ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14இல் (1111 டிசம்பர் 18) தூஸிலேயே இறைவனடி சேர்ந்தார்.

பாக்தாதின் நான்காண்டுகளிலும் தூஸின் இறுதி நாட்களிலும் ஓய்வு என்பது அவருக்கு இல்லை. ஆயினும் முன்னதில் நாவு கட்டுண்டது. பின்னதில் உள்ளம் குளிர்ந்தது. புகழுக்கான பணிகளை நீக்கியமை, எஞ்சியவற்றுக்கு உரிய நேரத்தை வகுத்தமை, தம் பொறுப்பு யாது எனத் தெளிந்தமை ஆகிய மூன்றுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

ஆரோக்கியமும் ஓய்வும் ஆகிய இரு அருட்கொடைகளில் மக்களுள் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கி வருகிறோம். இக்கட்டுரைக்காக மீண்டும் இஹ்யாவைப் புரட்டியபோது அந்நபிமொழி நம்மை நோக்கித் திரும்பியது. ஆகவே, இரண்டு குழுக்களின் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டோம். நாம் இல்லாமலும் அவை நன்றாகவே நடக்கின்றன. அதை ஒப்புக்கொள்வதே கடினமாக இருந்தது. அஸருக்குப்பின் ஒரு மணி நேரம் கைப்பேசியை அணைத்துவிட்டு வகுப்பறையில் அமர்கிறோம். சில நாட்கள் எவரும் வருவதில்லை. சில நாட்கள் ஒருவர் நூலைக் கையிலேந்தி வாயிலில் தயங்கி நிற்கிறார். 'நாளை' என்னும் சொல் நாவின் நுனிவரை வந்துவிடுகிறது. அதை விழுங்கிவிட்டு, 'வாருங்கள், உட்காருங்கள்' என்கிறோம்.

நேரத்தின் பரக்கத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.